மலைக்குளிருக்கு ஒரு கம்பளிக் குல்லா: நூல் கடை முதல் துணிப்பெட்டி வரை

நீலகிரியில் டிசம்பர் பிறந்துவிட்டால் தலைகுந்தா, காந்தல் பக்கத்துப் புல்வெளியெல்லாம் விடிகாலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். பிப்ரவரி வரைக்கும் இந்த உறைபனி விட்டுவிட்டு வரும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சாயங்காலம் சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியதுமே காது ஜில்லிட ஆரம்பித்துவிடும். ஆகவே பின்னல் பழகுகிறவர்கள் குல்லாவில் தொடங்கினால், பழகிய கையோடு பயனும் கிடைக்கும்.

மஃப்ளரில்தான் தொடங்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது எளிதுதான், ஆனால் ஒன்றரை மீட்டருக்கு ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் போட்டால் கை பழகும் முன்னே மனசு அலுத்துவிடும். நூலும் 200 கிராமுக்கு மேல் போகும். குல்லாவுக்கு 100 கிராம் போதும். கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) போடுவது, ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும், இழுபடும் ஓரப்பட்டை), கண்ணி குறைப்பது, ஓரம் சேர்த்துத் தைப்பது என்று ஸ்வெட்டருக்கு வேண்டிய வேலையில் பெரும்பகுதி இந்த ஒன்றிலேயே வந்துவிடும். சரியாக வராவிட்டால் பிரித்துப் போடவும் மனசு வரும்.

கீழே உள்ள முறை நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் போடத் தெரிந்தவர்களுக்கு. இரண்டு நேர் ஊசியில் தட்டையாகப் பின்னி, கடைசியில் ஓரத்தைச் சேர்க்கும் குல்லா இது. வட்ட ஊசி எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நேர் ஊசி கிடைக்காத கடை இல்லை.

நூலும் ஊசியும்

கடையில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அக்ரிலிக். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீலகிரிச் செம்மறி என்று கம்பளிக்குப் பேர்போன இனமே இருக்கிறது, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் கம்பளி ஆடு வளர்க்கிறார்கள். ஆனாலும் கடை அலமாரியில் இருப்பது அதிகமும் லூதியானா பக்கத்து ஆலை நூல்தான். அக்ரிலிக் மட்டம் என்பதல்ல. குழந்தைக் குல்லாவை வாரத்துக்கு இரண்டு முறை துவைக்க வேண்டியிருக்கும். அதற்கு அக்ரிலிக்தான் தாங்கும். பெரியவர்களுக்கு, முக்கியமாக வெளியில் பனியில் நடக்கிறவர்களுக்கு, கம்பளியோ கம்பளி கலந்த நூலோ நல்லது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக் ஈரத்தை உள்ளே இழுக்காது. வியர்வை அப்படியே நெற்றியில் தங்கும்.

எது எது என்று சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் வாசனை வரும், நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

லேபிளில் ‘4 பிளை’ என்று இருப்பதைப் பார்த்து மட்டும் நூல் வாங்காதீர்கள். பிளை என்பது எத்தனை இழை முறுக்கியிருக்கிறது என்ற கணக்கு. இழை பருமனாக இருந்தால் நாலு பிளையும் தடியாக இருக்கும், சன்னமாக இருந்தால் ஒல்லியாக இருக்கும். ஸ்கேலில் ஓர் அங்குல இடத்தில் நூலை இழுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் சுற்றிப் பாருங்கள். 11, 12 சுற்று வந்தால் இந்தக் குல்லாவுக்குச் சரியான நூல். 15, 16 வந்தால் அது குழந்தைச் சட்டைக்கான சன்ன நூல். 8, 9 வந்தால் தடி நூல், இங்கே தரும் கண்ணிக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

லேபிளில் சாய லாட் எண் ஒன்று இருக்கும். இரண்டு பந்து வாங்கினால் இரண்டிலும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். கடை விளக்கில் ஒரே சிவப்பாகத் தெரிந்தது வெயிலில் இரண்டு சிவப்பாகத் தெரியும். கறுப்பு, கருநீலம் வேண்டாம். மாலையில் விளக்கு வெளிச்சத்தில் கண்ணி கண்ணுக்கே அகப்படாது. முதல் குல்லாவுக்கு வெளிர் நிறம்தான்.

ஊசி: 8-ஆம் நம்பர் ஒரு ஜோடி, 10-ஆம் நம்பர் ஒரு ஜோடி. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் எண் ஏற ஏற ஊசி ஒல்லியாகும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க வீடியோக்களில் எண் ஏற ஏற ஊசி தடியாகும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. வீடியோவைப் பார்த்து ‘8-ஆம் நம்பர்’ என்று கேட்டு வாங்கி வந்து, குல்லா சின்னதாகிவிட்டது என்று புலம்புவது இதனால்தான். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். ஊசித் தலையில் எழுத்து அழிந்துபோயிருந்தால், ஒரு அட்டையில் ஊசியைக் குத்தித் துளை போட்டு, துளையை ஸ்கேலில் அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இவற்றோடு மழுங்கிய முனையுள்ள பெரிய தையல் ஊசி, 3 அல்லது 3.5 மி.மீ. குரோஷா ஊசி, இஞ்ச் டேப், ஒரு ஊக்கு. அவ்வளவுதான்.

நூல் சிட்டமாக வந்திருந்தால் முதலில் பந்தாகச் சுற்ற வேண்டும். நாற்காலி முதுகில் மாட்டியோ வீட்டில் யாரையாவது இரண்டு கையையும் நீட்டச் சொல்லியோ சுற்றலாம். இறுக்கிச் சுற்றாதீர்கள். இழுபட்ட நூலில் பின்னினால், முதல் துவைப்பில் நூல் தன் நீளத்துக்குத் திரும்பும். குல்லாவும் கூடவே சுருங்கும். பந்துக்குள் இரண்டு விரலை வைத்து, விரல்மேல் சுற்றி, அவ்வப்போது விரலை உருவி மறுபடி வைத்தால் பந்து மெத்தென்று வரும்.

மாதிரித் துண்டு

யாருக்கும் இதைச் செய்யப் பிடிக்காது. ஆனால் அளவு பொருந்தாமல் போன குல்லாக்களில் பாதிக்கு மேல் இதைச் செய்யாததால் வந்தவைதான் என்று தாராளமாகச் சொல்லலாம். 8-ஆம் நம்பர் ஊசியில் 30 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று 36 வரிசை பின்னுங்கள். நனைத்து, பிழிந்து, தட்டையாகக் காயவைத்த பிறகு ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள். அகலத்தில் 22 கண்ணி, உயரத்தில் 28 வரிசை வர வேண்டும்.

24 வந்தால் உங்கள் கை இறுக்கம். அதே கண்ணிக் கணக்கில் 49 செ.மீ. வர வேண்டிய குல்லா 45 ஆகிவிடும். 7-ஆம் நம்பருக்கு, அதாவது 4.5 மி.மீ.-க்கு மாறுங்கள். 20 வந்தால் குல்லா 54 செ.மீ. ஆகி கண்ணை மறைக்கும். 9-ஆம் நம்பருக்கு இறங்குங்கள். கையை வேண்டுமென்றே இறுக்கியோ தளர்த்தியோ சரி செய்யப் பார்க்காதீர்கள். பத்து வரிசை போனதும் கை தன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும். மாற்ற வேண்டியது ஊசியை.

வரிசை எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. உயரத்தை டேப்பால் அளந்துதான் பின்னப் போகிறோம்.

எத்தனை கண்ணி

குல்லா தலையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இழுபட்டு நின்றால்தான் காதைப் பிடிக்கும். தலைச் சுற்றளவில் 10 முதல் 15 சதவீதம் குறைத்துப் பின்னுவது வழக்கம். சுற்றளவை நெற்றி நடுவிலும் காதுக்குச் சற்று மேலேயும் டேப் போகும்படி எடுங்கள்.

ஒரு வயதுக் குழந்தை, தலை 46 செ.மீ. அளவில்: 86 கண்ணி.
மூன்று முதல் ஐந்து வயது, தலை 50 செ.மீ. அளவில்: 98 கண்ணி.
பெரியவர், தலை 56 செ.மீ. அளவில்: 110 கண்ணி.
பெரிய தலை, 60 செ.மீ.-க்கு மேல்: 122 கண்ணி.

ஒவ்வொரு அளவுக்கும் நடுவே 12 கண்ணி வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். உச்சியில் குறைக்கும்போது குல்லாவை 12 கண்ணி கொண்ட பகுதிகளாகப் பிரிக்கிறோம்: குழந்தைக்கு 7 பகுதி, அடுத்ததற்கு 8, பெரியவருக்கு 9, பெரிய தலைக்கு 10. மிச்சம் இருக்கும் இரண்டு கண்ணி, பக்கத்துக்கு ஒன்றாக, தையலுக்குள் போய்விடும். இந்தக் கணக்கு பிடிபட்டால் எந்த அளவுக்கும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். கீழே பெரியவர் அளவை வைத்துச் சொல்கிறோம்.

கண்ணி போடுதல்

நீள வால் விட்டுக் கண்ணி போடும் முறைதான் குல்லாவுக்கு நல்லது, ஓரம் இழுபடும். வால் எவ்வளவு விடுவது? ஊசியில் நூலைப் பத்துச் சுற்று சுற்றி, பிரித்து அளந்து, அதை 11-ஆல் பெருக்கி, ஒரு முழம் கூட்டிக்கொள்ளுங்கள். நூறாவது கண்ணியில் வால் தீர்ந்துபோய் எல்லாவற்றையும் உருவுகிற எரிச்சல் மிச்சமாகும்.

கண்ணியை 8-ஆம் நம்பர் ஊசியில் போட்டுவிட்டு, முதல் வரிசையை 10-ஆம் நம்பரால் பின்னுங்கள். ரிப்புக்கு ஒல்லி ஊசி வேண்டும், ஆனால் கண்ணியையும் ஒல்லி ஊசியில் போட்டால் ஓரம் கம்பி மாதிரி இறுகி நெற்றியில் கோடு விழும். குல்லா போட்டதும் தலை வலிக்கிறது என்பவர்களின் குல்லாவில் இந்த ஓரத்தைத்தான் முதலில் இழுத்துப் பார்க்க வேண்டும். 110 கண்ணியை எண்ணி முடித்ததும் இன்னொரு முறை எண்ணுங்கள்.

ரிப்

வரிசை 1, வெளிப்பக்கம்: 2 நிட், பிறகு 2 பர்ல், 2 நிட் என்று கடைசி வரை.
வரிசை 2, உட்பக்கம்: 2 பர்ல்; பிறகு 2 நிட், 2 பர்ல் என்று கடைசி வரை.

இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓரத்தை மடிக்காத குல்லாவுக்கு 5 செ.மீ. போதும். ஊட்டிக் குளிருக்கு மடிப்பு வேண்டும். காதின் மேல் இரட்டை அடுக்கு வந்துவிடும். அதற்கு 10 செ.மீ., ஏறக்குறைய 30 வரிசை.

ரிப்பில் கண்ணி கூடிவிடுவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. 110 போட்டது 113 ஆகியிருக்கும். இரண்டு காரணம். நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும். ஊசியின் மேலே சுற்றிக் கொண்டுவந்தால் அது ஒரு புதுக் கண்ணியாக உட்கார்ந்துவிடும், கீழே ஓட்டையும் விழும். இன்னொன்று வரிசைத் தொடக்கத்தில். ஊசியைத் திருப்பியதும் நூல் முதல் கண்ணிக்குக் கீழே தொங்க வேண்டும். அதை மேலே இழுத்து ஊசியின் பின்பக்கம் போட்டுவிட்டால், கீழ்வரிசைக் கண்ணி இழுபட்டு, அதன் இரண்டு காலும் ஊசியின் மேல் இரண்டு கண்ணி போலத் தெரியும். தெரிகிறதே என்று இரண்டையும் பின்னினால் வரிசைக்கு ஒன்று கூடும். துண்டு மேலே போகப் போக விரியும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைத் தொடுமுன் நூல் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கண்ணி நிட், எந்தக் கண்ணி பர்ல் என்பதை நினைவில் வைத்து எண்ண வேண்டாம். ஊசியில் இருப்பதைப் பாருங்கள். கண்ணிக்குக் கீழே ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி தெரிந்தால் இந்தப் பக்கத்தில் அது நிட். கழுத்தில் குறுக்கே ஒரு முடிச்சுக் கோடு தெரிந்தால் பர்ல். ‘வி’ வந்த இடத்தில் நிட், கோடு வந்த இடத்தில் பர்ல். குழந்தை அழுதாலும் குக்கர் விசில் அடித்தாலும் எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

உடல் பகுதி

8-ஆம் நம்பருக்கு மாறி, வெளிப்பக்கம் முழுவதும் நிட், உட்பக்கம் முழுவதும் பர்ல். ரிப் முடிந்ததிலிருந்து 10 செ.மீ., அதாவது 28 வரிசை. மூன்று முதல் ஐந்து வயதுக்கு 20 வரிசை, ஒரு வயதுக்கு 14, பெரிய தலைக்கு 30. உட்பக்க வரிசையில் முடித்திருக்க வேண்டும். அளக்கும்போது துண்டை மேசையில் விரித்து அளந்து பாருங்கள். ஊசியில் தொங்கவிட்டு அளந்தால் தன் எடையிலேயே ஒன்றரை செ.மீ. கூடக் காட்டும்.

ஓரங்கள் உள்ளே சுருள ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், இந்தப் பின்னலின் குணமே அது; தைத்ததும் சரியாகிவிடும். இதே காரணத்தால்தான் மஃப்ளரை இந்தப் பின்னலில் போடக் கூடாது. முழுதும் நிட்டாகவோ ரிப்பாகவோ போட்டால்தான் மஃப்ளர் குழாய் மாதிரி சுருண்டு கிடக்காது.

கண்ணி நழுவினால்

நழுவிய கண்ணி ஏணி மாதிரி கீழே இறங்கும். கண்டதும் துண்டை இழுக்காமல் அப்படியே மடியில் வைத்து, நழுவிய கண்ணியில் ஊக்கை மாட்டிவிடுங்கள்; அதற்கு மேல் இறங்காது. கம்பளியாக இருந்தால் அவ்வளவு வேகமாக இறங்காது. வழுவழுப்பான அக்ரிலிக் ஒரு நொடியில் பத்து வரிசை இறங்கிவிடும்.

நிட் தெரியும் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கண்ணிக்கு மேலே குறுக்குக் குறுக்காக நூல் படிகள் தெரியும். ஒவ்வொரு படியும் ஒரு வரிசை. குரோஷா ஊசியை முன்னிருந்து கண்ணிக்குள் விட்டு, உடனே மேலே இருக்கும் படியைக் கொக்கியில் பிடித்து, கண்ணிக்குள்ளே இழுங்கள். ஒரு வரிசை ஏறிவிட்டது. படி தீரும்வரை இப்படியே. மேலே வந்ததும் கண்ணியை இடது ஊசியில் மாட்டுங்கள். வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் கண்ணி முறுகிக்கொண்டு அந்த ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரியும். நடுவில் ஒரு படியைத் தவறவிட்டால் பின்பக்கம் ஒரு நூல் துண்டு தளர்ந்து நிற்கும்; துண்டைத் திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு மேலே போங்கள்.

உச்சி

இனி ஒவ்வொரு வெளிப்பக்க வரிசையிலும் 9 கண்ணி குறையும். உட்பக்கம் எப்போதும் வெறும் பர்ல்.

முதல் குறைப்பு: முதலில் 1 நிட்; பிறகு 10 நிட் போட்டு, அடுத்த 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், இப்படி 9 முறை; கடைசியில் 1 நிட். மிச்சம் 101 கண்ணி.
இரண்டாவது: அதேபோல், ஆனால் 10-க்குப் பதில் 9 நிட். மிச்சம் 92.
மூன்றாவது: 8 நிட். மிச்சம் 83.

பிறகு ஒவ்வொரு குறைப்பிலும் நடுவில் வரும் நிட் ஒவ்வொன்றாகக் குறையும்: 74, 65, 56, 47, 38, 29, 20. இருபது கண்ணி வந்ததும் ஒரு பர்ல் வரிசை போட்டு, கடைசியாக 1 நிட், இரண்டிரண்டு சேர்த்து 9 முறை, 1 நிட். ஊசியில் 11 கண்ணி இருக்கும்.

மற்ற அளவுகளுக்கு 9 முறைக்குப் பதிலாக உங்கள் பகுதி எண்ணிக்கை: 7, 8 அல்லது 10. ஒவ்வொரு குறைப்பிலும் அத்தனை கண்ணிதான் குறையும். ஒரு தாளில் எண்களை எழுதி, வரிசை முடிய முடிய அடித்துக்கொண்டே போங்கள். எண்ணிக்கை இடறினால் அந்த வரிசையிலேயே நிறுத்தித் தேடுங்கள்; ‘அடுத்த வரிசையில் சரிக்கட்டலாம்’ என்று விட்டால் உச்சியில் சுழலும் கோடுகள் கோணிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர் சொல்லாமல் விடமாட்டார்.

நூலை 60 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 11 கண்ணியிலும் நுழைத்து, பின்னல் ஊசியை உருவிவிட்டு இறுக்குங்கள். இன்னொரு முறை அதே கண்ணிகளில் சுற்றி இழுத்தால் உச்சியில் ஓட்டை இருக்காது.

ஓரம் சேர்த்தல்

அதே நூலால் உச்சியிலிருந்து கீழ்நோக்கி, வெளிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கத் தையுங்கள். ஒரு ஓரத்தில் முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே லேசாக இழுத்தால் சின்னச் சின்னக் குறுக்குக் கம்பிகள் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு கம்பி, அந்தப் பக்கம் இரண்டு கம்பி என்று ஊசியைக் கீழே விட்டு எடுத்துக்கொண்டே வாருங்கள். ஐந்தாறு தையல் போட்டதும் நூலை மெதுவாக இழுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று போய் மூடிக்கொள்ளும், தையல் மறைந்துவிடும். சுருங்கும் அளவு இழுக்கக் கூடாது. இழுத்தபின் தையலைப் பிடித்து நீட்டிப் பாருங்கள், நீள வேண்டும்.

மடிப்புக் குல்லா என்றால் கடைசி 5 செ.மீ.-க்குத் துண்டைத் திருப்பி, உட்பக்கத்திலிருந்து இதே தையலைப் போட வேண்டும். மடித்ததும் அந்தப் பகுதியின் உள்பக்கம்தான் வெளியே தெரியும். இதைக் கவனிக்காத குல்லாக்களில் மடிப்பின் நடுவே தடித்த கோடு நிற்கும். ரிப்பின் இரு ஓரத்திலும் இரண்டு நிட் இருப்பதால், பக்கத்துக்கு ஒன்று தையலுக்குள் போய், மிச்சம் இரண்டும் சேர்ந்து வழக்கமான இரண்டு நிட் ஆகிவிடும். நூல் முனைகளை முடிச்சுப் போட்டு வெட்டாதீர்கள், அவிழும். உட்பக்கத்தில் ஒரு திசையில் 4 செ.மீ., திரும்பி 2 செ.மீ. ஓடவிட்டு வெட்டுங்கள்.

கையும் அறையும்

குளிரில் விரல் விறைத்திருக்கும்போது கை தன்னையறியாமல் இறுக்கிப் பின்னும். காலையில் வாசலில் பின்னிய பத்து வரிசையும் இரவில் போர்வைக்குள் பின்னிய பத்து வரிசையும் ஒரே துண்டில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால். டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக் கை சூடானபின் ஊசியை எடுங்கள். உலோக ஊசி ஜில்லென்று இருந்தால் மூங்கில் ஊசி வாங்கலாம். கண்ணியும் அதில் சீக்கிரம் நழுவாது. பனிக்காலத்தில் விரல் நுனித் தோல் வெடித்து நூலில் மாட்டும். இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், ஆனால் பின்னப் போகுமுன் கை கழுவ வேண்டும். வெளிர் நூலில் எண்ணெய் இறங்கினால் முதலில் தெரியாது, தூசி ஒட்டிய பிறகு தெரியும்.

விளக்கு இடது தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். இடது கையால் பின்னுகிறவர்களுக்கு வலப்பக்கம். அரை மணிக்கு ஒரு தரம் கையை உதறி, கழுத்தை நிமிர்த்துங்கள்.

ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைத்து உட்காருவதும், அதை அணைக்காமல் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் என்று தொடங்கும். குளிர் அசதி என்று நினைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். மின் ஹீட்டர் வைத்தால் நூல் கூடையும் போர்வையும் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும்.

டொராண்டோ, ஒஸ்லோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னலுக்குள் காற்று புகும். பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியில் காற்றும் அடித்தால் இந்தக் குல்லா தனியாகப் போதாது. உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் துணியை ஒரு வளையமாகக் காதளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள், அல்லது மேலே ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பதும் உலர்த்துவதும்

கம்பளி கெட்டுப்போவது போடுவதால் அல்ல, துவைப்பதால். சூடு, தேய்ப்பு, காரமான சோப்பு மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டி அட்டையாகும். அப்புறம் அதை எதுவும் பழையபடி ஆக்காது. பார் சோப்பு, சாதாரண வாஷிங் பவுடர் வேண்டாம். கறை போக்க நொதி சேர்த்த பவுடர் இன்னும் மோசம். கம்பளி ஒரு புரதம், அந்த நொதிகளில் ஒருவகை புரதத்தைக் கரைப்பதற்கென்றே இருப்பது. ஈஸி மாதிரி கம்பளிக்கான திரவமோ சாதாரண ஷாம்புவோ ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பில் குறைந்த தண்ணீர் அரை வாளி, 15 நிமிடம் ஊறல், லேசாக அமுக்கி எடுத்தல், அதே சூட்டுத் தண்ணீரில் இரண்டு முறை அலசல். வெந்நீரிலிருந்து எடுத்து நேரே பைப்புத் தண்ணீரில் போட்டாலும் அட்டையாகலாம்.

முறுக்கிப் பிழியாதீர்கள். காய்ந்த குளியல் துண்டில் குல்லாவை வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, அதன் மேல் ஏறி நில்லுங்கள். தண்ணீரில் பெரும்பகுதி துண்டுக்குப் போய்விடும். பிறகு தட்டையாக உலர்த்த வேண்டும். கொடியில் போட்டால் குல்லா நீண்டு, க்ளிப் போட்ட இடம் கூம்பாக நிற்கும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது, காற்று கீழிருந்தும் வரும். இல்லாவிட்டால் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் விரிக்கலாம். மூடுபனி நாட்களில் இரண்டு மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு ஹீட்டர் மேல் வைக்காதீர்கள். தினம் ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் மக்கல் வாடை பிடித்துவிடும்.

அக்ரிலிக்கை மெஷினில் வலைப் பையில் போட்டு மென்மையான சுற்றில் துவைக்கலாம். ஆனால் இஸ்திரி மட்டும் கூடாது. சூட்டில் அதன் மொத்தத் துள்ளலும் செத்து, ரிப் தொளதொளவென்று ஆகிவிடும். அதற்கும் மாற்று இல்லை.

வெயில் காலத்துக்கு எடுத்து வைக்க

மார்ச்சில் எடுத்து வைக்குமுன் கட்டாயம் துவைக்க வேண்டும், ஒரே ஒரு நாள் போட்டதாக இருந்தாலும். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் உணவுக் கறையும் இருக்கும் இடத்தைத்தான் அது முதலில் தேடும். சுத்த அக்ரிலிக்கை அது தொடாது. நன்றாக உலர்ந்தபின் ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி வைத்தால் வேறு எதுவும் தேவையில்லை. ஈரம் இருந்தால் உள்ளேயே பூசணம் பூக்கும், அதனால் ஒரு முழு வெயில் நாள் காத்திருந்து மூடுங்கள்.

நாப்தலின் உருண்டை போடும் பழக்கம் உள்ளவர்கள் துணிக்கு மேலே, துணியில் படாமல், ஒரு சின்னத் துணிப்பையில் கட்டி வையுங்கள். கைக்குழந்தை உடுப்புகளோடு அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே இரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்ட துணி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிந்திருப்பதும் இல்லை.

மிஞ்சிய நூலில் ஏழெட்டு மீட்டரைச் சின்னப் பந்தாகச் சுற்றி, லேபிளையும் சேர்த்து, குல்லாவோடு அதே பையில் போட்டுவிடுங்கள். அடுத்த டிசம்பரில் ஓட்டை தெரிந்தால், அதே சாயத்தில் நூல் கடையில் இருக்காது.